ஹேட் பீன் தனபாக்கியம்

மக்கிய தொழுவுரத்தின் வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு வயலும் மாடும் நினைவுக்கு வரும். எனக்கு இங்கிலீஷ் நினைவுக்கு வரும். என் அம்மா தனபாக்கியம் நெய்வேலி டவுன்ஷிப்பில் மரக்கன்று வளர்க்கும் "நர்சரி"யில் கான்ட்ராக்ட் கூலியாக இருந்தாள். ஒருநாள் பொழுது சாய எங்கள் ஊரான வடக்குத்துக்கு நடந்து வந்தவள், கைகால்கூடக் கழுவாமல், முந்தானையில் எருவும் ஈர மண்ணும் மணக்க என் பக்கத்தில் உட்கார்ந்து, "எழுதுடி, பாக்கலாம்" என்றாள். அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக இங்கிலீஷில் ஒரு மனு எழுதினேன். அந்த மனுவால் என் அம்மா செத்துப்போனாள். பதறாதீர்கள், மூன்று வாரம்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். பஸ் ஸ்டாப்பில் ஒரு தூக்குவாளி இட்லியோடு தொடங்கி, இன்று மெஸ், கல்யாணச் சமையல், ஷிப்டு ஆட்களுக்குப் பொட்டலச் சாப்பாடு என்று மூன்று அடுப்படி நடத்துகிறேன். பெரிய பெரிய இன்ஜினியர்களெல்லாம் என் வத்தக்குழம்புக்கு வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இங்கிலீஷின் காலங்களை வரிசை தப்பாமல் சொல்லத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். நான் இன்றைக்கும் கரண்டியைக் கீழே வைக்காமலே சொல்வேன். அடிபட்டுக் கற்றது அவ்வளவு லேசில் மறக்காது.

எங்கள் இங்கிலீஷ் சார் ஒருநாள் கரும்பலகையில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, ஒரே "வேலை செய்தல்" என்கிற சொல்லைக் கட்டத்துக்கு ஒரு விதமாக எழுதிக்கொண்டே போனார். முதல் கட்டத்தில் "ஒர்க்ஸ்" என்று குட்டியாக இருந்தது, போகப்போக வால் முளைத்து, இறந்தகால வரிசையின் கடைசிக் கட்டத்தில் "ஹேட் பீன் ஒர்க்கிங்" என்று சரக்கு ரயில் மாதிரி நீண்டு நின்றது. எதிர்கால வரிசையை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டதால், அன்றைய கணக்குக்கு அதுதான் இங்கிலீஷிலேயே பெரிய வார்த்தை. "ஒரு வேலை முன்னாடி ரொம்ப நாளா தொடர்ந்து நடந்துக்கிட்டே இருந்ததுன்னா இப்படிச் சொல்லணும். ஆனா..." என்று அவர் தொடங்கும்போது மணி அடித்தது. அப்போதெல்லாம் மதியம் கோதுமை ரவை உப்புமா போடுவார்கள். வரிசையில் முதல் ஆளாக நிற்பவளுக்குத்தான் ஆவி பறக்கும் முதல் கரண்டி கிடைக்கும். அந்த முதல் ஆள் எப்போதும் நான்தான். சாருடைய "ஆனா"வுக்குப் பின்னால் வந்ததையெல்லாம் உப்புமா தின்றுவிட்டது.

மிச்சத்தை நானே கண்டுபிடித்துக்கொண்டேன். "வா" என்றால் தம்பிக்கு, "வாங்க" என்றால் மாமாவுக்கு, "வாங்கய்யா" என்றால் மேஸ்திரிக்கு. ஆள் பெரியவராக ஆக வார்த்தை நீளும், இது குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். வெள்ளைக்காரனும் மனிதன்தானே, அவனுக்கு மட்டும் மரியாதை தெரியாதா? ஆகவே "ஒர்க்ஸ்" என்பது சும்மா பேச்சு, "ஹேட் பீன் ஒர்க்கிங்" என்பது உச்சமான மரியாதை என்று முடிவு கட்டினேன். எங்கள் வகுப்பில் வேறு ஒருத்திக்கும் இந்த அறிவு எட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நர்சரிப் பெண்களில் சிலரை "பர்மனெண்ட்" ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அம்மா அங்கே ஒன்பது வருஷமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆனாலும் தினமும் சாயங்காலம் மேஸ்திரி வரிசையாக நிறுத்தி, "நீ வா, நீ வா, நீ வாணாம்" என்று விரல் நீட்டுகிறவரைக்கும் மறுநாள் வேலை உண்டா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. அந்த விரலுக்குப் பயந்து காய்ச்சலைக்கூட மறைத்துக்கொண்டு போவாள். "பர்மனெண்டு ஆயிட்டா வாணாம்னு எவனும் சொல்ல முடியாதுடி" என்று அவள் சொல்லும்போது, ஏதோ கோபுரத்தைப் பார்ப்பதுபோலத் தலையை நிமிர்த்திக்கொள்வாள். இங்கிலீஷில் மனு கொடுத்தால்தான் நேரில் கூப்பிடுவார்களாம். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அத்தை டைப் அடிக்கும் இடத்தில் கொடுத்து அடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"எம் பொண்ணு இங்கிலீஷ் படிச்சிகினு இருக்கச்சொல்ல நான் எதுக்கு அவன்கிட்ட போவணும்?" என்றாள் தெருவுக்கே கேட்கும்படி.

அவள் அப்படிச் சொன்ன பிறகு கஞ்சத்தனம் காட்ட முடியுமா? இருக்கிற மரியாதையையெல்லாம் கொட்டினேன். "மை மதர் தனபாக்கியம் ஹேட் பீன் ஒர்க்கிங் இன் யுவர் நர்சரி" என்று தொடங்கி, ஹேட் பீன் வாட்டரிங், ஹேட் பீன் டிக்கிங், ஹேட் பீன் கமிங் டெய்லி என்று மொத்தம் பதினோரு இடத்தில் அந்தச் சரக்கு ரயிலை ஓட்டிவிட்டு, முத்தாய்ப்பாக "ஐ ஹேட் பீன் ஹெர் டாட்டர்" என்று முடித்தேன். அதன் கீழே அம்மா கைநாட்டு வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதியவள் நான், ஆகவே என் கையெழுத்தைத்தான் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பச்சையம்மா அத்தை போய்விட்டு வந்தாள், புதிதாகச் சேர்ந்தவர்கள்கூடப் போய்விட்டு வந்தார்கள், அம்மாவுக்கு மட்டும் அழைப்பு இல்லை. கடைசி நாள் காலையில் பாதித் தண்ணீர் ஊற்றிய குடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து, பள்ளிக்கூடத்திலிருந்து என்னை இழுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதினால் அதிகாரி எழுந்துவிடுவார்.

அங்கே இருந்த குமாஸ்தா, நெற்றி நிறைய விபூதி வைத்த, மிகவும் நல்ல மனிதர். பெயரைச் சொன்னதும் காகிதக் கட்டைப் புரட்டி என் மனுவை எடுத்தார். எடுத்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை இரக்கமாகப் பார்த்தார்.

"நீதான் எழுதினியா பாப்பா? அம்மா இறந்து எத்தனை நாளாச்சு?"

நான் பக்கத்தில் நின்றவளைக் கைகாட்டினேன். அவர் என் அம்மாவைப் பார்த்து, "நீங்க பெரியம்மாவா?" என்றார்.

"நான்தாங்க தனபாக்கியம்."

"இல்லம்மா, தனபாக்கியம் இறந்துட்டாங்க."

"எப்பங்க?" என்றாள் அம்மா.

அவருக்கும் சந்தேகம் வந்து மனுவை மறுபடி படித்தார். "இந்தப் பொண்ணு எழுதியிருக்கே! தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாங்க, கொத்திக்கிட்டு இருந்தாங்க, தினம் வந்துக்கிட்டு இருந்தாங்க. எல்லாம் இருந்தாங்க, இருந்தாங்க! அப்புறம் நின்னுபோச்சுன்னுதானே அர்த்தம்? கடைசியில, நான் அவங்க மகளா இருந்தேன்னு வேற போட்டிருக்கு. படிச்சிட்டு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்திடுச்சு. இறந்துபோனவங்க பிள்ளைங்களுக்குன்னு ஒரு தனிக் கட்டு இருக்கு, அதுல பத்திரமா வெச்சிருந்தேன்."

அந்த ஆபீசில் வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும் பிழைத்திருப்போம். இலக்கணம் சுத்தமாகத் தெரிந்தவர் கையில் போய் மாட்டியதுதான் எங்கள் நேரம். "முழுக்க இறந்தகாலத்துல எழுதினா நான் என்னம்மா பண்றது?" என்றார்.

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "எறந்த காலத்துலயா எழுதின? ஒன்பது வருசமா குடம் சொமந்துகினு கீறேன், என்னை எறந்த காலத்துலயாடி எழுதின?"

"மரியாதைக்கும்மா" என்றேன்.

"தூ" என்றாள். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டடிக்க இருபது நிமிஷம் இருந்தது.

குமாஸ்தா ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் தள்ளினார். அடித்துத் திருத்தினால் செல்லாது, புதிதாகத்தான் எழுத வேண்டும். "ஒண்ணும் பயப்படாதே. 'ஹேட்'டுல கடைசி எழுத்து டி. அதை எடுத்துட்டு எஸ் போடு. 'ஹாஸ் பீன்'. அப்பலேருந்து இப்ப வரைக்கும் செஞ்சுக்கிட்டே இருக்காங்கன்னு ஆயிடும்." ஓர் எழுத்துதானாம்! பேனா வழுக்க வழுக்க, பதினோரு இடத்தில் டி-யைக் கொன்று எஸ்-ஐ நட்டு, என் அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உயிரோடு எழுப்பினேன். முதல் தடவை தண்ணீர் ஊற்றினாள், அடுத்து கொத்தினாள், அதற்கடுத்து நடந்து வந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் குமாஸ்தா தடுத்து, "ஐ-க்கு ஹாஸ் வராது, ஹேவ்" என்றார். "நான் அவங்க மகளா இருந்துக்கிட்டே இருக்கேன். இது மனுவுக்குத் தேவையில்லை, இருந்தாலும் தப்பில்லை."

"சாயந்தரம் வரைக்கும்தாங்க இருப்பா" என்றாள் அம்மா.

கைநாட்டு வைத்துவிட்டு அவள் உள்ளே போனபோது சங்குக்கு நாலு நிமிஷம். கதவு பாதி திறந்திருந்தது. அதிகாரி பழைய காகிதத்தையும் புதிய காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீ இன்னும் வேலைக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்கியா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்வதற்கு முன் புடவைக் கொசுவத்தைப் பிடித்து அவர் எதிரிலேயே பிழிந்தாள். தரையில் சொட்டியது. "காலையிலேருந்து ஊத்திகினே கீறேங்கய்யா. நடுவுலதான் செத்துட்டேன்னாங்க, கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றாள். அதிகாரி சிரித்ததில் வெளியே இருந்த குமாஸ்தாவும் சிரித்தார். சங்கு ஊதியபோது அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த மாசக் கடைசியில் பட்டியல் வந்தது. பர்மனெண்ட்! அன்று சாயங்காலம் மேஸ்திரி பழக்க தோஷத்தில் விரலை நீட்ட, அம்மா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிதானமாகக் கைகழுவினாள். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பச்சையம்மா அத்தை நடித்துக் காட்டினாள். நர்சரிப் பெண்கள் அதன் பிறகு அம்மாவை "ஆட்பீன் அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு விழ வேண்டிய அடி மட்டும் விழாமல் போகவில்லை. புதுக் குவார்ட்டர்ஸ் சாவி வந்த பிறகு, ஆற அமர, பாக்கியில்லாமல் கொடுத்தாள்.

இன்று அந்த நர்சரி இல்லை. டைப் அடித்த கடை இல்லை, அந்தக் குமாஸ்தாவைப் போல மனுவைக் கண்கலங்கிப் படிப்பாரும் இல்லை. ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமான அம்மா என்னோடுதான் இருக்கிறாள். வருஷம் ஒருமுறை பென்ஷனுக்காக, தான் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். முன்பு ஒரு அதிகாரி முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இப்போது அதுவும் போய், போனை முகத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். கண்ணை இமைக்கச் சொல்லிப் போன் கேட்கும். போன மாதம் நான் பிடித்துக்கொண்டு, "கண்ணை மூடித் தெறம்மா" என்றேன். அம்மா விறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"யாருன்னே தெரியாதவனுக்கு நான் எதுக்குடி கண்ணடிக்கணும்?"

மூன்று தடவை போன் மறுத்துவிட்டது. நாலாவது தடவை அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. முகத்தை அதன்மேல் இடிக்கிற மாதிரி கொண்டுவந்து, "கீறேண்டா! இன்னான்ற இப்ப?" என்று அதட்டினாள். அதட்டிய வேகத்தில் கண் தானாக இமைத்தது. போன் பயந்துபோய் ஏற்றுக்கொண்டது.