கேனில் போன தண்ணீர்

மாசுபடுத்தியவன்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும். சுற்றுச்சூழல் சட்டத்தின் பாலபாடம் இது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில், என்னிடம் வழக்கு தந்திருந்த கட்சிக்கார அம்மாவிடம் இதை மார்தட்டிச் சொன்னேன். அவர் வயலை ஒட்டி இறால் பண்ணை வந்தபின் வீட்டு அடிபம்புத் தண்ணீர் உப்புக் கரித்தது. நாற்றும் கருகிவிட்டது. "பண்ணைக்காரரை விட மாட்டேம்மா" என்றேன். வக்கீல் வாய்க்கு என்ன குறைச்சல்!

அடிபம்பிலிருந்து தண்ணீர் மாதிரி எடுக்க, வழக்கை விசாரித்த பசுமைத் தீர்ப்பாயம் ஆள் அனுப்பியது. அம்மாவிடம் நான் சொன்னதெல்லாம் "ஆபீசர் வருவார்" என்பது மட்டும்தான். உச்சி வெயிலில் வந்தவர் வாசலில் நின்றே ஒரு வெள்ளைக் கேனை நீட்டினார்.

"தண்ணி ரொப்பிக் குடுங்கம்மா."

அம்மா கேனோடு உள்ளே போனார். பின்னாலேயே போயிருக்க வேண்டிய நான், வேறொரு வழக்குக்காகப் போனில் கத்திக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து, என் கண்முன் எடுத்ததாகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

குடிக்க உகந்த நீர் என்று முடிவு வந்தது. வழக்கு தள்ளுபடி. ஆய்வகத்தை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் திட்டித் தீர்த்தேன்.

விவரம் சொல்லப் போன அன்று அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் தந்தார். இனித்தது.

"பம்புத் தண்ணியாம்மா?"

"ஐயோ, வீடு தேடி வந்தவங்களுக்கு அதையா குடுப்பாங்க? மருமக பக்கத்து ஊர்லேருந்து தூக்கிட்டு வந்ததுங்க சார். அன்னைக்கு அந்த ஆபீசருக்கும் பாவம், குடிக்கத்தானே கேட்டாருன்னு இதைத்தான் ரொப்பிக் குடுத்தேன்."

மறு ஆய்வு கேட்டிருக்கலாம். கேட்டால், பார்க்காமல் கையெழுத்துப் போட்டதை நானே எழுதித் தர வேண்டும். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

தண்ணீர்தான் நன்றாக இருக்கிறதே என்று, அந்தத் தெருவுக்கு எப்போதாவது வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியையும் ஊராட்சியில் நிறுத்திவிட்டார்கள். தினம் ஒரு குடம் தூக்கி வர முடிந்த வீடுகள் தப்பித்தன. மற்றவர்கள் கரிக்கிற தண்ணீரையே குடிக்கிறார்கள். கோர்ட்டில் அந்தப் பழைய வழக்குக் காகிதக் கட்டைத் தாண்டிப் போகவே எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா இன்னும் போன் செய்கிறார். போன வாரமும் கேட்டார்: "தோத்துப்போற அளவுக்கு நாங்க என்ன தப்புங்க சார் பண்ணிட்டோம்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலைம்மா. லேப்லதான் ஏதோ தப்பு" என்றேன்.