யூசுப் பாயின் காதும் என் கிராமபோனும்

கிராமபோன் ரிப்பேர்காரன் ஊரிலுள்ள எல்லா வீட்டுப் பாட்டையும் கேட்டிருப்பான், ஆனால் ஒன்றைக்கூட முழுசாகக் கேட்டிருக்க மாட்டான். கோளாறு எங்கே என்று பிடிபட்டதும் ஊசியைத் தூக்கிவிடுவான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை நானும் அப்படித்தான் இருந்தேன். திண்டுக்கல்லில் கோட்டைக்குளம் போகிற வழியில், ஒரு புகையிலைக் கிட்டங்கிக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவில் என் கடை. நிம்மதியாக இருந்தவனுக்கு ஜாஸ் என்ற வியாதி வந்தது. தபால்தலையோ, பழைய காசோ, பேனாவோ, எதையாவது சேர்த்து வைக்கிற வியாதி உங்களுக்கும் இருந்தால் இதைப் படித்துவிட்டுச் சிரிக்க மாட்டீர்கள். தன்னிடம் இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படும் நேரம் நமக்கெல்லாம் கொஞ்சம். அடுத்தவனிடம் இருப்பதை நினைத்து வயிறெரியும் நேரம்தான் அதிகம்.

மிஷினில் கோளாறு

கொடைக்கானல் பங்களா ஒன்றில் இருந்த துரைசாணி அம்மாள் சீமைக்குத் திரும்பும்போது, சுமக்க முடியாது என்று ஒரு டஜன் கிராமபோன் பிளேட்டுகளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கடைக்கு வந்து முதல் பிளேட்டைப் போட்டேன். டிரம்பெட் ஒரு பக்கம் போகிறது, கிளாரினெட் அதற்குக் குறுக்கே வருகிறது, மேளம் இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. மூன்று பேர் தெருவில் சண்டை போடுகிற மாதிரி இருந்தது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது போல என்று பெட்டியைத் திறந்து எண்ணெய் விட்டேன். ஊசியை மாற்றினேன். மறுபடி சாவி கொடுத்தேன். மறுபடியும் அதே சண்டை.

ரேடியோவுக்கு வால்வு வாங்க வந்த லாசர் சார் வாசலிலேயே நின்றுவிட்டார். ரயில்வேயில் கார்டு, பாளையங்கோட்டைக்காரர். நான் மூன்றாம் முறை திருப்புளியை எடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் மதராஸ் மூர் மார்க்கெட்டில் பொறுக்கிய இதே மாதிரிப் பிளேட்டுகள் நாற்பது இருந்தன என்பதும், இதற்கு ஜாஸ் என்று பெயர் என்பதும் பிறகு தெரிந்த விஷயம். அப்போது அவர் சொன்னது இதுதான்: “மிஷின் நல்லாத்தான் ஓடுது வே. உம்ம காதுதான் ரிப்பேரு.”

லேபிளை மூடிய ஞாயிற்றுக்கிழமை

யூசுப் பாய்க்குப் பேகம்பூரில் ஒரு தோல் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. தோலைத் தொட்டாலே ஆட்டின் வயசையும் அது மேய்ந்த காட்டையும் சொல்லிவிடுவார். முதலாளியின் ரேடியோவைக் கொடுக்க வந்தவர், ஓடிக்கொண்டிருந்த பிளேட்டைக் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் எந்த ஞாயிறும் அவர் வராமல் இருந்ததில்லை. அவர் அத்தாவுக்குப் பாட்டுப் பெட்டி வீட்டுக்குள் வருவது பிடிக்காது. அதனால் பாய் தான் வாங்கிய பிளேட்டுகளை மண்டியில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிளில் கட்டி என் கடைக்குக் கொண்டுவருவார். லாசர் சாரும் வந்துவிடுவார். பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் கேட்போம்.

பாய்க்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அது எனக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. ஒருநாள் அவரைச் சோதிக்க நினைத்து, லேபிள்மேல் காகிதத்தை ஒட்டி, அவர் அதுவரை கேட்டிராத ஒரு பிளேட்டைப் போட்டேன். டிரம்பெட் நாலு மூச்சு ஊதியிருக்கும், பாய் தலையை நிமிர்த்தினார். காகிதத்தைக் கிழித்துப் படித்த லாசர் சார் தொடையில் தட்டிச் சிரித்தார். போன மாதம் கேட்ட பிளேட்டில் ஊதிய அதே மனிதர். அந்த இரண்டு பிளேட்டும் வருஷக்கணக்காக என்னிடம்தான் இருந்தன, நான் கண்டுபிடித்ததில்லை. லேபிளைப் பார்க்காமலே பாய் சொன்னது இதுதான்: “அதே ஆளுதாண்ணே. அன்னிக்கு வயிறு நெறஞ்சு போய் ஊதுனான். இன்னிக்கு ஆருமேலயோ கோவமா இருக்கான்.”

கீரனூர்க்காரர் கேட்ட கேள்வி

கீரனூரிலிருந்து ஒரு விவசாயி தன் ரேடியோவை வாங்கிப் போக ஞாயிறன்று வந்தார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு செத்த நேரம் கேட்டார். “ஏனுங்க, இது கல்யாணத்துக்கு வாசிக்கிறதுங்களா, எழவுக்கு வாசிக்கிறதுங்களா?” என்றார்.

இந்தக் கேள்விக்காகவே நான் பல நாளாகக் காத்திருந்தேன். அமெரிக்கா, கப்பல், அடிமைச் சந்தை என்று லாசர் சார் சொன்னதையெல்லாம் மனசில் கோத்துக்கொண்டு தொண்டையைச் செருமினேன். அதற்குள் பாய் முந்திக்கொண்டார். “ரெண்டுக்குந்தாங்க. பொணத்தைத் தூக்கிட்டுப் போறப்ப அழுதுக்கிட்டே வாசிப்பாக. பொதைச்சிட்டுத் திரும்புறப்ப ஆடிக்கிட்டே வாசிப்பாக.” லாசர் சார் அசந்துபோனார். இந்தப் பாட்டு பிறந்த ஊரில் அப்படித்தானாம், அதை அவர் யாரிடமும் சொன்னதே இல்லையாம். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அந்தச் சத்தத்திலேயே இருக்கிறதே என்றார் பாய்.

கீரனூர்க்காரர் பாய் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து ஆறு பிளேட் கேட்டார், கால் கட்டைவிரலால் தாளம் போட்டார். கடை என்னுடையது, மிஷின் என்னுடையது, அன்று ஓடிய பிளேட்டுகளில் ஐந்து என்னுடையவை. போகும்போது ரேடியோவைத் தோளில் ஏற்றிக்கொண்டு என்னிடம் கேட்டார்: “அடுத்த வாட்டி அந்த பாய் என்னிக்கு இருப்பாருன்னு சொல்லுங்க. அவரு இருக்கறப்ப வர்றனுங்க.”

பானை மூடி

உலகச் சண்டை நடந்த காலத்தில் லாசர் சார் ஒரு சிப்பாயிடம் ஒரே ஒரு முறை கேட்ட பிளேட் ஒன்று உண்டு. மேளம் கிடையாது. தனியாக ஒரு கிளாரினெட் கீழேயிருந்து ஏறி ஏறி வரும், ஏறி முடிந்த இடத்தில்தான் மற்றவர்கள் சேருவார்கள். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் விரல்களால் காற்றில் வாசித்துக் காட்டுவார். அந்தப் பிளேட்டை நான்தான் அவருக்குத் தேடிக் கொடுப்பேன் என்று எனக்குள் ஒரு சபதம்.

வடமதுரைச் சந்தைக்குத் தோல் பார்க்கப் போன பாய் அங்கே ஒரு பழைய இரும்புக் கடையில் தண்ணீர் கேட்டிருக்கிறார். கடைக்காரர் மண்பானையின் மூடியை எடுத்தபோது மூடி கறுப்பாகப் பளபளத்திருக்கிறது. அதுதான் அந்தப் பிளேட். ஓரத்தில் சின்னதாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தது, லேபிள் தண்ணீர் பட்டு வெளுத்திருந்தது, ஆனால் பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கடையில் கிளாரினெட் ஏறி வந்தபோது லாசர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, காரணம்தான் வேறு. ரேடியோச் சாமான் பொறுக்க மாதம் இரண்டு தடவை நான் போகிற கடை அது. அந்தப் பானையில் நானே தண்ணீர் மொண்டு குடித்திருக்கிறேன்.

மாற்றிக்கொள்வோமா என்று கேட்டேன். ஆறு பிளேட் தருகிறேன் என்றேன். பாய் சிரித்தார். பத்து என்றேன். அதற்கும் சிரித்தார். வெட்கத்தை விட்டு இன்னொரு தடவை கேட்டபோது சொன்னார்: “எதுக்குண்ணே மாத்திக்கிட்டு? தட்டு எங்கிட்ட, மிஷின் உங்ககிட்ட. ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தர் கேக்க முடியாது, நல்லாத்தானே இருக்கு?”

ஒரு தபால் கார்டு

கொடைக்கானலிலிருந்து எனக்கும் பாய்க்கும் தெரிந்த பட்லர் கார்டு எழுதியிருந்தார். அவர் வேலை பார்க்கும் பங்களாவையும் காலி செய்கிறார்களாம், ஒரு பெட்டி நிறைய இங்கிலீஷ் பிளேட் கிடக்கிறதாம், ஞாயிறன்று ‘நீங்களும் யூசுப் பாயும்’ வந்தால் எடுத்துப் போகலாமாம். அந்தக் கார்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம், இந்த ஞாயிறு கடை இல்லை என்று பாயிடம் சொன்னேன். பொண்ணு மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

முதல் பஸ்ஸில் ஏறினேன். பாய் எங்கே என்று பட்லர் கேட்டார், உடம்பு சரியில்லை என்றேன். பெட்டியில் முக்கால்வாசி சர்ச் பாட்டு. அடியில் ஒரே ஒரு ஜாஸ் பிளேட். அதை வீட்டில் போட்டுக் கேட்டபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு சாக்ஸபோன், அவசரமே இல்லாமல், தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொள்வது போல. இதைக் கேட்டால் பாய் என்ன சொல்வார் என்றுதான் முதலில் தோன்றியது. அவரிடம் போட்டுக் காட்ட முடியாது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. எங்கே கிடைத்தது என்று கேட்பாரே! எங்கள் கூட்டத்திலேயே சிறந்த பிளேட் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. ஒன்றரை வருஷம் அப்படிப் போனது. சத்தம் வெளியே போகாதபடி கிராமபோன் குழாயின் வாயில் துண்டைத் திணித்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பேன். ஒருநாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த என் மனைவி ருக்மணி, துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “இதை வாங்கிட்டு வந்தீங்களா, எடுத்துட்டு வந்தீங்களா?”

லாசர் சார் ஊருக்குப் போனது

லாசர் சார் ரிட்டயராகிப் பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டார். பிளேட்டுகளைச் சரிபாதியாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் கொடுத்தார். தன் கிராமபோனைப் பாய்க்குக் கொடுத்துவிட்டார். ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பாய் பேசிக்கொண்டே வந்தார், நான் அந்த மிஷினையே நினைத்துக்கொண்டு நடந்தேன். பாய் அந்த மிஷினை மண்டி மாடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் சைக்கிளில் வந்து “வாங்கண்ணே, அங்க கேப்போம்” என்று கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ரேடியோக்களின் நடுவே உட்கார்ந்து ஒட்டடை அடித்தேன்.

கீரனூர்க்காரர் வந்து பாய் எங்கே என்று கேட்டார். பேகம்பூருக்கு வழி சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் நன்றி சொல்ல வந்தார். வந்தவர் சும்மா போயிருக்கலாம். “மண்டியில தோல் நாத்தம் குடலைப் பிடுங்குதுங்க. ஆனா சத்தம் இங்கத்ததைவிட அங்க நல்லாருக்குதுங்க.”

மண்டி மாடி

அதற்கடுத்த ஞாயிறு, சாக்ஸபோன் பிளேட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பேகம்பூருக்கு நடந்தேன். மண்டி மாடியில் பாய் தனியாக இருந்தார். மிஷின் ஓடவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து கோரைப்பாயை விரித்தார். துண்டைப் பிரித்துப் பிளேட்டைக் கொடுத்தேன், எங்கே கிடைத்தது என்று கேட்காமலே போட்டார். இரண்டு பக்கமும் கேட்டோம். மறுபடி முதல் பக்கத்தைப் போட்டார். கன்னத்தில் கையை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். ஊசியைத் தூக்கிவிட்டு, “கொடைக்கானல் தட்டுதானே?” என்றார்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். “அந்த மாசமே தெரியும். பட்லர் இந்தப் பக்கம் வந்தவரு, உடம்பு தேவலையா பாய்னு கேட்டாரு. எனக்கு என்னா உடம்புக்குன்னு முழிச்சேன். சரி, அண்ணன் என்னிக்காவது தானா போடுவாருன்னு இருந்தேன். ஒன்றரை வருசமாக்கிட்டீங்களே, நானும் மனுசன்தானே, கேக்கணும்னு இருக்காதா?” கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் நிஜமாகவே அந்தப் பாட்டைத் தவறவிட்ட வருத்தத்தில் சொன்னார். நான் தப்புதான் பாய் என்று சொல்லி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பிளேட்டை அவர் கையில் வைத்தேன். வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பார், நான் வற்புறுத்துவேன், கடைசியில் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. பாய் ‘சரிண்ணே’ என்று வாங்கித் தன் அடுக்கில் வைத்துவிட்டார்.

டீ வரவழைத்தார். பாதி டீயில் அவருக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “லாசர் சாரு இந்தப் பொட்டியை மொதல்ல உங்களுக்குத்தான் தாரேன்னாரு. அண்ணன் கடையில இருபது பொட்டி கெடக்கு சார்னு சொல்லி நாந்தான் வாங்கிக்கிட்டேன். நீங்க ஒளிச்ச தட்டுக்கு இது சரியாப் போச்சுன்னு இருந்தேன், இப்பத் தட்டையும் குடுத்துட்டீங்க, நான் என்னா செய்ய?”

நல்ல பிளேட் எந்தச் சந்தையிலாவது ஒருநாள் அகப்பட்டுவிடுகிறது, பக்கத்தில் உட்கார்ந்து நம்மோடு சேர்ந்து வயிறெரிந்துகொண்டே கேட்க ஓர் ஆள் அகப்படுவதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம்.