அரை வரி வீடு

இராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த வளவில் ஆறு வீடுகள், ஒரே கரண்ட் மீட்டர். அது வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. அவர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏட்டையா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எங்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குட்டி மீட்டரை மாட்டி, எரித்த கரண்டுக்குக் காசு வாங்குவார். அது போதாதென்று, எரித்தாலும் எரிக்காவிட்டாலும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வீட்டுக்கு ஒரு தொகை. தினக்காசு என்று அதற்குப் பெயர். மோட்டார் ஓடுகிறதாம், நடையில் லைட் எரிகிறதாம், வயர் தேய்கிறதாம். வயர் எப்படி ஏட்டையா தேயும் என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் ஒனக்குப் புரியாது தாயி" என்றார். இன்றுவரை புரியவில்லை.

அரசாங்கம் வீடுகளுக்கு இலவசமாகக் கொடுக்கிற யூனிட்டெல்லாம் அவருடைய அந்த ஒரு மீட்டரோடு நின்றுவிடும். எங்கள் வாசலுக்கு அது வந்ததே இல்லை.

என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பேன்சி கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸி எல்லாம் உண்டு. எதிர்வீட்டு அக்காவிடம் இருந்தது ஒரு பல்பும் ஒரு டேபிள் ஃபேனும். அவள் பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டப் போவாள். புருஷன் கேரளாவுக்குப் புரோட்டா மாஸ்டராகப் போனவர், போனவர்தான். ஒரே மகள் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தாள். எனக்கும் அக்காவுக்கும் ஒரே தினக்காசு. அவள் எரித்த கரண்டைவிட எரிக்காத கரண்டுக்குக் கொடுத்ததுதான் அதிகம்.

ஒருமுறை ஆலங்குளத்தில் சொந்தக்காரப் பெண்ணின் பிள்ளைப்பேற்றுக்கு உதவப் போனாள். போகும்போது வீட்டு பியூஸ் கட்டையைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள்.

"இந்தா, நீயே வச்சிக்க. நான் கரண்டத் தொடலங்கதுக்கு நீதான் சாட்சி."

நானும் பத்திரமாக அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தேன். அவள் திரும்பி வந்ததும் ஏட்டையா சிரித்துக்கொண்டே முழு தினக்காசையும் வாங்கிக்கொண்டு போனார். சாட்சியை யாரும் கேட்கவில்லை.

ஏன் யாரும் சண்டை போடவில்லை என்று இப்போது யோசித்தால் எரிச்சலாக வருகிறது. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். எங்கள் ஜமாத்திலும் உண்டு. இருக்கிறவன், இல்லாதவன் என்று பார்ப்பதில்லை, குடும்பத்துக்கு இவ்வளவு என்றால் இவ்வளவுதான். கட்டினால்தான் ஊரில் ஒரு ஆள். அதே பழக்கத்தில் வளவு ஆம்பிளைகள் தினக்காசுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. ஏட்டையாவும் அதை வரி மாதிரியேதான் வைத்திருந்தார். ஊர் வரியில் புருஷனை இழந்தவளுக்குப் பாதி என்பார்கள் அல்லவா, அவரும் கடைசி வீட்டுப் பெரியம்மாவிடம் பாதிதான் வாங்கினார். அது அரை வரி வீடு.

பிறகு பேண்டேஜ் கம்பெனியில் வேலை குறைந்தது. வாரத்தில் பாதி நாள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அக்காவின் தினக்காசு பாக்கி விழுந்து ஏறிக்கொண்டே போனது. கட்டு, இல்லையென்றால் காலி பண்ணு என்று ஏட்டையா சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும்போது ஒரு வீடு வேண்டாமா? சாமான்களோடு தெருவில் நின்றால் எவன் பெண் எடுப்பான்? அக்கா பயந்துபோனாள்.

நடையில் வைத்து ஏட்டையாவிடம் கெஞ்சினாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் அரை வரியா போட்டுக்கோங்க ஏட்டையா. நானும் ஒத்தையிலதான கெடக்கேன்."

"அது எப்படித் தாயி? அறுத்தவளுக்குத்தான் அரை வரி. ஒம் புருசன்தான் கல்லு மாதிரி இருக்கான்ல."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முறை அது, அதைச் சொன்னார். எனக்குத்தான் ஈரத்துணியை அவர் மூஞ்சியில் வீச வேண்டும் போல இருந்தது. வீசவில்லை.

அடுத்த வாரம் அக்கா வீட்டிலிருந்து ஒப்பாரிச் சத்தம் கேட்டு ஓடினேன். கேரளாவிலிருந்து சேதி வந்ததாம். புருஷன் காய்ச்சலில் செத்து, அங்கேயே எடுத்துவிட்டார்களாம். வளவுப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதோம். மகள் மில்லிலிருந்து வந்து மயங்கி விழுந்தாள். தாலியைக் கழற்றினார்கள், பொட்டை அழித்தார்கள். ஏட்டையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாக்கியைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னார். அதற்குப் பிறகு பாதிதான் வாங்கினார்.

மகள் மில்லுக்குத் திரும்பிய பின், ஒரு மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். அக்கா குடிக்கவில்லை.

"சேதி ஒண்ணும் வரல புள்ள" என்றாள். "நானாத்தான் சொன்னேன்."

ஒரு பல்புக்கும் ஒரு ஃபேனுக்கும் உயிரோடு இருக்கிற மனிதனைக் கொன்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வந்த கோபமெல்லாம் அந்தக் குட்டி மீட்டர்மேலும், தலையாட்டிய எங்கள்மேலும்தான். வெளியே சொல்ல மாட்டேன் என்று அல்லாஹ் மேல் ஆணையாகச் சொன்னேன்.

சம்பந்தம் முடிவானது. அப்பன் இல்லாத பிள்ளை என்று மாப்பிள்ளை வீட்டார் கூடுதலாக இரக்கப்பட்டார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு ஏட்டையாவின் மகன் சென்னையிலிருந்து வந்தான். எல்லார் கரண்டும் ஒரே மீட்டரில் ஏறுவதால் ரேட்டும் ஏறிப்போகிறது, வீட்டுக்கு வீடு தனி மீட்டர் வாங்கினால் நமக்குத்தான் லாபம் என்று அப்பாவுக்கு எடுத்துச் சொன்னான். எழுதிக்கொடுத்து, அலைந்து, ஆறு மீட்டரும் வந்தன. குட்டி மீட்டர்களைக் கழற்றினார்கள். தினக்காசு என்ற பேச்சே போய்விட்டது.

முதல் ரீடிங் எடுத்தவர் அக்கா வீட்டுக்குக் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை என்றார். அவள் எரிக்கிறது அத்தனையும் இலவசத்துக்குள் அடங்கிவிட்டதாம். அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒன்றுமே இல்லையா, ஒன்றுமே இல்லையா என்று அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அக்காவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. தாரை வார்க்க ஜோடியாக ஆள் வேண்டும். அக்காவின் சாதிக்காரர்களிலேயே பெரியவர், மரியாதைப்பட்டவர் என்று ஏட்டையாவையும் அவர் சம்சாரத்தையும் கூப்பிட்டார்கள். அவர் பட்டு வேட்டியோடு மணவறையில் ஏறி, பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பெற்றவள் பந்திக் கூடத்து வாசலில், வெள்ளைப் புள்ளி போட்ட சேலையில், வெறும் நெற்றியோடு நின்றுகொண்டிருந்தாள். மகள் மணவறையிலிருந்து அம்மாவைத் தேடிப் பார்த்தாள். அக்கா ஒரு எட்டு எடுத்து வைத்தாள். ஒரு கிழவி குறுக்கே வந்து, "நல்ல காரியம் நடக்கு தாயி, செத்த நேரம் அங்கனயே நில்லு" என்றாள். அக்கா நின்றுவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் காதருகே போய், "நான் போயி உண்மையச் சொல்லட்டாக்கா?" என்றேன்.

என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

"கிறுக்கச்சி, வாய மூடு. எம் மவ அவ அப்பன் செத்துட்டான்னு அழுது முடிச்சிட்டா. ஆத்தாக்காரி கரண்டு காசுக்குத் தாலியக் கழட்டுனவன்னு தெரிஞ்சா, இன்னொரு தடவ யாருக்காவ அழுவா?"

கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை போட அவளை யாரும் கூப்பிடவில்லை. இலை போடுகிறவர்கள் வழி கேட்டார்கள், ஒதுங்கி நின்றாள்.