படம் இல்லாத விண்ணப்பம்

ராஜபாய் டீச்சரின் வலது காலை மடியில் வைத்து, வெந்நீரில் ஊறிய நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள் தேவகனி. பக்கவாதத்தில் டீச்சர் கட்டிலோடு கிடந்து இரண்டு வருடமாகிறது. செவ்வாய், வெள்ளி என்றால் தேவகனிக்குக் கருங்கல் ஊரில் இந்த வீடுதான். குளிப்பாட்டி, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்து, தலை சீவிவிட்டுத்தான் கிளம்புவாள். காசு வாங்குவதில்லை.

சபைச் செயலாளர் சுந்தரராஜ் விண்ணப்பத்தோடு அறை வாசலில் வந்து நின்றார். தொண்டு செய்யும் பெண்களுக்கு டெல்லியில் கொடுக்கும் விருது அது. நாளை கடைசி நாள்.

"யக்கா, எல்லாம் எழுதியாச்சு. நீங்க பாத்த நோயாளியள்ல அஞ்சு பேருக்க படமும் பேரும் மட்டும் வேணும்."

"அது தரமாட்டேன். நாப்பத்தோரு பேருன்னு மட்டும் எழுதும்."

"கட்டம் வெறுமனே கெடந்தா தள்ளிருவாங்க. விருது வேண்டாமா?"

"வேண்டாம்னு எவ சொன்னா? பீ அள்ளுத கைன்னு எனக்க நாத்தி இன்னும் நான் குடுத்த சாயா குடிக்கமாட்டா. டெல்லியில வாங்கிட்டு வந்து அவ வாசல்லயே கார்ல வந்து எறங்கணும்னு கொள்ளை ஆச. ஒப்பு எங்க போடணும்?"

கையைத் துடைத்துக்கொண்டு, வெறும் கட்டங்களுக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

அவள் கணவர் சிலுவைதாசன் தென்னையிலிருந்து விழுந்து ஆறு வருடம் படுக்கையில் கிடந்தவர். இந்த வேலையெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டதில் படித்தது. ஒரு சங்கத்தார் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள்; சட்டையில்லாத அவரை அதில் தூக்கி வைத்துப் படமும் எடுத்தார்கள். அது அவர்கள் ஆண்டு மலரில் வந்தது. பிறகு சாகும்வரை அவர் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அவர் போனபின் கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் தேவகனி போனாள். ஒரு வீட்டில் கண்டதை அடுத்த வீட்டில் சொன்னதில்லை.

"எனக்க படத்த எடுத்துக்கோ, சுந்தரராஜே" என்றார் டீச்சர், நாக்குக் குழற. "கண்ணாடிய மாட்டி விடுட்டி, தேவகனி."

"வேண்டாம் டீச்சர்."

"ஏட்டி, நானே சம்மதிச்சாச்சு, உனக்கென்ன? பாக்கச் சகிக்காமலா கெடக்கேன்?"

டீச்சருக்கு நிஜமாகவே கோபம். தேவகனி நகவெட்டியைப் பைக்குள் வைத்தாள். இதை எப்படிச் சொல்வதென்று யோசித்தாள்.

"ஐயோ, நீங்க ராணி மாதிரிதான் இருக்கிய. ஊரு பிள்ளையள எல்லாம் நடுங்க வச்ச ஆளு, ஒங்களுக்குக் கூச்சமில்ல. ஆனா ஒங்க படம் வந்தா, அடுத்து எனக்க படந்தான்னு பயந்து மத்தவிய கதவ அடைச்சிருவாங்க. கடியப்பட்டணத்துல ஒருத்தி, கெட்டுனவனுக்கே தெரியாம..."

சட்டென்று வாயை மூடினாள்.

"கடியப்பட்டணத்துல ஆரு?" சுந்தரராஜ் உள்ளே வந்துவிட்டார். "நமக்குத் தெரிஞ்ச வீடா? என்ன தீனம், என்ன நோயி?"

டீச்சரும் கோபத்தை மறந்து தலையைத் தூக்கினார்.

அழுக்குத் துணிகளை அள்ளிக்கொண்டு தேவகனி அறையைவிட்டு வெளியே போனாள்.