பனிக்கட்டிக்கு அடியில் ஆற்றோர வயல்

ஐஸ்லாந்தின் வடக்கே, எங்கள் பள்ளத்தாக்கில் பால் வண்டி ஓட்டுகிறவன் நான். ஸ்டெயின்வோர் பண்ணைக்கும் போவேன், பக்கத்துப் பண்ணைக்காரன் ஹால்முந்துரிடமும் போவேன். நீ யார் பக்கம் என்று கேட்டால் மழுப்ப மாட்டேன். ஸ்டெயின்வோர் பக்கம்தான்.

ஆற்றோர வயல் தேவாலயத்துக்குச் சொந்தம். முப்பது வருடம் குத்தகைக்கு எடுத்து, கல் பொறுக்கி, எந்தக் குளிருக்கும் அசையாத உள்ளூர்ப் புல்லை அதில் வளர்த்தவள் அவள். குத்தகை முடிகிற வருடம் அவள் கணவன் செத்தான். நாங்களெல்லாம் கல்லறையில் நிற்கும்போது ஹால்முந்துர் தேவாலய நிர்வாகி வீட்டில் உட்கார்ந்து, வயல் குத்தகையைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டான். பாவி!

"வச்சுக்கட்டும்," என்றாள் ஸ்டெயின்வோர்.

ஓரத்தில் இருக்கிற சின்ன மேட்டைத் தவிர அந்த வயல் முழுக்கப் பள்ளம். வருடா வருடம் அக்டோபரில் அதிலிருந்து ஆற்றுக்கு வாய்க்கால் வெட்டிவிடுவாள். வெட்டாவிட்டால் குளிர்கால மழை தேங்கி உறைந்துவிடும். குளிரைத் தாங்குகிற புல்தான், ஆனால் மூன்று மாதம் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். இதை அவள் அவனிடம் சொல்லவில்லை. ஜனவரியில் மழை கொட்டியது, மறுநாளே உறைந்தது.

மார்ச்சில் நாங்கள் பனிக்கட்டியை உடைத்து, ஒரு துண்டுப் புல்தரையைப் பெயர்த்து, சமையலறை ஜன்னலில் வைத்துத் தண்ணீர் விடுவோம். துளிர்த்தால் வயல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஹால்முந்துரின் துண்டு துளிர்த்தது. கூட்டுறவுக் கடையில் அவனைப் பிடிக்க முடியவில்லை.

"அவ இல்லாட்டி புல்லே மொளைக்காதுன்னீங்களே! என் ஜன்னல்ல வந்து பாருங்கய்யா, விரல் நீளம் நிக்குது!"

"எங்க வெட்டுன?" என்றாள் ஸ்டெயின்வோர்.

"மேட்டுல. அங்கதான் கட்டி மெலிசா இருந்துச்சு. ஏன், வயித்தெரிச்சலா?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கும்."

அந்த நம்பிக்கையில் மிச்சமிருந்த உலர்புல்லை எல்லாம் விற்றுத் தீர்த்தான். மேட்டில் துளிர்த்தது பள்ளத்துக்குச் சாட்சி ஆகாது என்று எனக்கும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஜூனில் வயல் வெளுத்து, புளித்த நாற்றம் அடித்தது. நான் பால் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவளிடம் வந்து நின்றான்.

"உலர்புல் குடு ஸ்டெயின்வோர். மாடுங்க கத்துது."

"வயலக் குடு."

"அதான் செத்துப்போச்சே!"

"தெரியும். எழுதிக் குடு."

என் பேனாவில்தான் எழுதிக் கொடுத்தான். எனக்கு விசிலடிக்கத் தோன்றியது.

அவன் போனதும் வயலுக்குப் போனோம். குனிந்து ஒரு கொத்தைப் பிடித்தாள், வேரோடு கையில் வந்தது. இன்னொன்று. அதுவும் வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்டோபர்ல மண்வெட்டிய எடுத்துக்கிட்டு வேலி வரைக்கும் வந்தேன். மனசு கேக்கல, வெட்டிவிட்டுடலாம்னுதான் வந்தேன். அவன் மாடு இதத் திங்கும்னு நெனச்சேன், திரும்பிட்டேன். நாந்தான் கொன்னேன்."

"விடு ஸ்டெயின்வோர்," என்றேன்.

"எதுக்கு விடணும்? மறுபடியும் கொல்லுவேன்," என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.