சடையன் திறந்த கண்கள்

பிணத்துக்குக் கண் திறக்க வேண்டுமென்றால் திருப்பத்தூர் வட்டாரத்தில் சடையனைத்தான் தேடி வருவார்கள். கேட்பதற்கு விகாரமாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. பத்து வருஷம் சிங்காரம் ஸ்டூடியோவின் இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் கையை ஊறவைத்து, படம் கழுவிக்கொண்டிருந்தவன் நான். அதற்கு அடுத்த அறையில்தான் சடையன் உட்கார்ந்து வரைவான்.

அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கும்போது போட்டோ எடுத்துக்கொள்ள ஜனங்களுக்கு நேரம் கிடைக்காது. செத்த பிறகுதான் ஞாபகம் வரும். நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைத் துணியால் கட்டி, மாலை போட்டு எங்கள் முதலாளி சிங்காரத்தைக் கூப்பிடுவார்கள். அவர் எடுத்து வந்த படத்தைப் பார்த்துச் சடையன் பெரிய தாளில் பென்சிலால் முகத்தை வரைவான். மூடிய கண்ணைத் திறந்த கண்ணாகப் போடுவதில்தான் அவன் கெட்டிக்காரத்தனம். செத்தவருடைய தம்பியையோ மகளையோ எதிரே உட்காரவைத்து, ஜாடை பார்த்துக் கண்ணை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வான். 'அப்படியே எங்கப்பா' என்று அழுதுகொண்டே வாங்கிப் போவார்கள். அழ வைத்துச் சம்பாதிக்கிறவனென்று நான் அவனைக் கிண்டல் செய்வேன். அவன் சிரிக்கமாட்டான்.

அவனுக்கு மலை மேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். அண்ணன் மாதையன் சாமை விதைத்துக்கொண்டும் புளி உலுக்கிக்கொண்டும் மலையிலேயே இருக்க, சடையன் மட்டும் எழுபத்தாறாம் வருஷம் இறங்கி வந்து ஸ்டூடியோவில் கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்தான். முதலாளி தொழிலை யாருக்கும் சொல்லித் தரமாட்டார். வரையும்போது கதவுக்கு முதுகைக் காட்டி உட்காருவார், மகா கஞ்சர். நான் வீணாகிப்போன பிரிண்டுகளைக் குப்பையில் போட்டால் சடையன் பொறுக்கி வைத்துக்கொள்வான். முதலாளி வீசி எறிந்த பென்சில் துண்டை விரல்நுனியில் பிடித்து, ஒரே ஒரு மூக்கை நான்கு மாதம் வரைந்தான். மூக்குக்குக் கோடே கிடையாது, பக்கத்தில் நிழலைப் போட்டால் அது தானாக எழுந்து நிற்கும் என்று ஒருநாள் கண்டுபிடித்து, இருட்டறைக் கதவைத் தட்டித் திறக்க வைத்தான். உள்ளே இருந்த மூன்று படங்கள் வெளிச்சம் பட்டுக் கறுத்தன. அவனுக்காக நான் திட்டு வாங்கினேன்.

முழு முகத்தைப் பெரிதாக வரைவதற்கு முதலாளி கட்டம் போடுவார். போட்டோவின் மேல் சின்னக் கட்டம், தாளில் பெரிய கட்டம். சின்னக் கட்டத்துக்குள் இருப்பதைப் பெரிய கட்டத்துக்குள் எடுத்து எழுத வேண்டியதுதான். முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்த சடையனுக்கு அவர் ஸ்கேல் வைத்துக் கோடு இழுப்பது தெரிந்தது. போட்டோவின் மேல் கண்ணாடித்தாளை ஒட்டி, அதன் மேல்தான் இழுக்கிறார் என்பது தெரியவில்லை.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனவன், அண்ணன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றினான். மாதையனும் அவர் மனைவி கெங்கம்மாளும் கல்யாணமான வாரத்தில் திருப்பத்தூருக்கு வந்து எடுத்துக்கொண்ட படம். அவர்களுக்கு இருந்ததே அது ஒன்றுதான். அண்ணனைப் பெரிதாக வரைந்து அசத்த வேண்டும் என்று இந்த மகானுபாவனுக்கு ஆசை. படத்தின் மேலேயே கூர்ப் பென்சிலால் அழுத்தி அழுத்திக் கட்டம் போட்டான். வரைந்து முடித்ததும் கோடுகளை எடுக்கிறேன் பேர்வழி என்று மை அழிக்கும் ரப்பரை வைத்துத் தேய்த்தான். அண்ணன் முகத்தில்தான் முதலில் ஆரம்பித்தான். படத்தின் தோல் உரிந்து, கழுத்துக்கு மேல் வெள்ளையாகிவிட்டது. அவன் வரைந்திருந்ததாவது தேறியதா என்றால் அதுவும் இல்லை. புதிதாகப் படிக்கிறவன் கை, யாரோ ஒருவன் முகமாக வந்திருந்தது. படம் எடுத்த கடையும் அதற்குள் மூடிவிட்டதால் வேறு பிரதி வாங்க வழியில்லை.

மாதையன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். படத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "மூஞ்சிய அழிச்சிட்டியேடா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது. அவர் பிடிவாதம் மலைக்கே தெரிந்தது. சடையன் போனால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். இரண்டு வருஷம் பார்த்துவிட்டு இவனும் போவதை நிறுத்திக்கொண்டான்.

எண்பத்து நான்கு மாசி மாதம், ஒரு காலையில் மலை ஜீப்காரர் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். முந்தின நாள் சாயங்காலம் புளி உலுக்க ஏறிய மாதையன் கிளை முறிந்து விழுந்து இறந்துவிட்டார் என்றார். முதலாளி கேமராவை எடுத்துக்கொண்டு வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாயங்காலம்தான் வருவார். சடையன் தாள், நான்கு பென்சில், படம் மாட்டும் மரச்சட்டம் ஒன்று எடுத்துப் பையில் போட்டான். சட்டத்தில் கண்ணாடி போடவில்லை. அவனைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வராமல், கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே ஏறினேன்.

ஜீப் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றது. மிச்சத்தை நடந்தோம். போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. வாசல் பந்தலில் மாதையனைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியின் இடப்பக்கம் துணி சுற்றியிருந்தது. மற்றபடி முகம் அப்படியே இருந்தது. ஊர்ப் பெரியவர் பஞ்சாட்சரம் எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னாடா, மூஞ்சிய அழிச்சவன் வந்துட்டியா? இப்ப எதுக்கு பென்சில தூக்கினு வந்த? தூரமா நில்லு. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்."

ஊரே அவனைப் பார்த்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் முகத்தை அழித்ததற்கும் இப்போது கிளை முறிந்ததற்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கெங்கம்மாள் பேசினாள்.

"வரையட்டும் மாமா. அவன்தான் அழிச்சான், அவனே குடுத்துட்டுப் போட்டும். புள்ளயும் இல்ல, ஜாடை பாத்துக்க. நாளைக்கி அவரு மூஞ்சி எனக்கு மறந்து பூட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

பஞ்சாட்சரம் மேற்கே கை நீட்டினார். "அதோ அந்தப் பாறை மேல வெயில் இருக்கிற வரிக்கும்தான். அப்புறம் ஒரு நிமிசம் நிக்க மாட்டோம்."

சடையனுக்கு முழு முகத்தை நேரில் பார்த்து வரைந்து பழக்கமே இல்லை. கட்டம் இருந்தால்தான் கை ஓடும். செத்தவர் முகத்தில் கட்டம் போட முடியுமா? மாலை கட்ட வைத்திருந்த நூலை வாங்கிச் சட்டத்தின் நான்கு பக்கமும் பிளேடால் கீறி, குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினான். அதை மாதையன் முகத்துக்கு மேல் ஒரு முழ உயரத்தில் ஆடாமல் பிடிக்கும் வேலை எனக்கு. அவன் பக்கத்தில் உயரமான கல்லில் ஏறி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நூல் கட்டத்துக்குள் தெரிந்ததைத் தாளுக்கு மாற்ற ஆரம்பித்தான்.

"ஆடாதடா ராஜவேலு. மூக்கு நகந்துட்ச்சி."

"கை உன்னுதா என்னுதா? வலிக்குதுடா."

"பல்லக் கடிச்சினு புடி."

ஒரு மணி நேரம் ஆனதும் என் தோள் மரத்துவிட்டது. மேளக்காரர்கள் அடிப்பதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். ஊதுபத்திப் புகை கண்ணில் ஏறியது. வெயில் நகர நகர முகத்தில் நிழல் மாறிக்கொண்டே போக, அவன் போட்டதை மறுபடி பார்த்து வேகவேகமாக ஒப்பேற்றினான். முகமும் மெல்ல மாறிக்கொண்டிருந்தது. கன்னம் உப்புவதை நான் பக்கத்திலேயே பார்த்தேன். அவனும் பார்த்தான். பார்த்தும் முன்பு இருந்த கன்னத்தையே போட்டான். தாடை, காது, காதோரம் நரைத்த முடி எல்லாம் வந்துவிட்டன. மீசையின் வலது பக்கம் கொஞ்சம் குறைந்திருப்பதைக்கூட விடவில்லை.  பாறையைப் பார்த்தேன். பாதி வெயில் இறங்கியிருந்தது.

கண்கள் இரண்டும் வெள்ளையாக நின்றன.

பென்சில் நின்றுவிட்டது. கூட்டத்தைப் பார்த்து, "அண்ணன் கண்ணு எப்டி இருக்கும்? பெருசா, சின்னதா?" என்று கேட்டான். ஒருவர் பெரியது என்றார். பக்கத்தில் இருந்தவர், இல்லை, இடுங்கின கண் என்றார். "கண்ணு மாதிரிதான் இருக்கும், இதென்னா கேள்வி" என்றார் மூன்றாமவர். கெங்கம்மாளிடம் கேட்டான். அவள் வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

"கண்ணாடி குடுங்க" என்றான். யாரோ முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்தார்கள். கூடப் பிறந்தவன் கண்ணை எடுத்துப் போடுவதுதானே அவன் தொழில். தன் கண்ணையே உற்றுப் பார்த்தான். பிறகு துண்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தான்.

"எனக்கு எங்கம்மா கண்ணு. அவருக்கு அப்பன் கண்ணு. ஒத்து வராது."

"டேய், இருபது வருசம் ஒரே வூட்ல இருந்தீங்க. நெனச்சிப் பாருடா."

"நெனச்சிப் பாத்தா ஒரே ஒரு கண்ணுதான் வருது, ராஜவேலு."

"அப்ப அதையே போடேன்! பாறையப் பாரு!"

நான் சொன்னேன். எந்தக் கண் என்று கேட்காமல் சொன்னேன். கை வலியும் அவசரமும் சேர்ந்து சொல்ல வைத்தன. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

அதற்குப் பிறகு அவன் சட்டத்தையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. தாளின் மேல் கவிழ்ந்து, மெத்தென்று எழுதும் பென்சிலால் இமையை இழுத்தான், கருவிழியை இறக்கினான், சுண்டுவிரலால் தேய்த்து நிழல் கூட்டினான். வேர்வை தாளில் சொட்டாமலிருக்க அடிக்கடி முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பஞ்சாட்சரம் "ஆச்சாடா?" என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது சடையன் பென்சிலைக் கீழே வைத்தான்.

தாளைத் திருப்பியதும் கூட்டம் அப்படியே பின்வாங்கியது. ஒரு கிழவர் கும்பிட்டேவிட்டார். மாதையன் உயிரோடு எங்களை முறைத்துக்கொண்டிருந்தார். சடையன் தாளைக் கொண்டுபோய்க் கெங்கம்மாள் முன்னால் நீட்டினான். அவள் வாங்கி மடியில் வைத்து, வெகுநேரம் பார்த்தாள்.

"மூஞ்சி அவருதுதான்" என்றாள். "கண்ணும் அவருதுதான். ஆனா இது உன்னப் பாத்த கண்ணு சடையா. என்ன ஒரு நாளும் அவரு இப்டிப் பாத்ததில்ல."

 சடையன் கை தானாகச் சட்டைப் பையில் ரப்பரைத் தேடியது. "அழிச்சிட்டு வேற போடறேன் அண்ணி. ஒரே நிமிசம்."

"அழிக்காத." அவள் தாளின் மேல் கையை விரித்து மறைத்தாள். "ஒரு தரம் அழிச்சது போதும்."

அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். நானும் அழுதேன், அதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. கெங்கம்மாள் தாளை என் கையில் கொடுத்தாள். "இத அவனே எடுத்துகினு போட்டும். காரியம் முடிஞ்சப்புறம் வரச் சொல்லுங்க. அவரு எப்டி பாப்பாருன்னு நான் சொல்றேன், அவன் போடட்டும்." பாறையில் வெயில் போய்விட்டது. தூக்கும்போது பஞ்சாட்சரம் சடையனைத் தோள் கொடுக்கக் கூப்பிட்டார்.

பதினாறு கழிந்து போனான். நான்கு நாள் தங்கினான். அவள் முறத்தில் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டே சொல்வாளாம், இவன் போடுவானாம். ஒரு தாளைப் பார்த்து, "சிரிப்பக் கொஞ்சம் கொற, அவ்ளோ நல்லவரு இல்ல" என்றாளாம். அடுத்ததில் தூக்கம் அதிகம் என்றாள். ஐந்தாவது தாளைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெளியே வரவில்லை. வெகுநேரம் காத்திருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலேயே இறங்கி வந்துவிட்டான்.

முறைக்கிற மாதையன் திருப்பத்தூரில் சடையன் குடியிருந்த அறையில் கட்டிலுக்கு நேர் எதிரே தொங்கினார். போகிற வருகிற எனக்கே அது பெரிய ரோதனையாக இருந்தது. ஒரு தடவை பொறுக்கமுடியாமல், "எடுத்துப் பெட்டிக்குள்ள வையேன்டா, எப்டிடா இத்தப் பாத்துகினே தூங்கற?" என்று சத்தம் போட்டேன்.

அவன் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"அண்ணி கேட்ட கண்ண அண்ணிக்குக் குடுத்துட்டேன்" என்றான். "எனக்குன்னு அவரு உட்டுட்டுப் போனது இது ஒன்னுதான், ராஜவேலு."