ஜன்னலை அளந்தவர்

நான் எடுத்த ஒரே அனிமேஷன் படம் நாலு நிமிடம் ஓடும். கணவனை இழந்த ஒரு பெண்ணின் தனிமையைச் சொல்லும் படம் என்று கல்லூரியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அது ஊருக்குச் சொன்ன காரணம். ஒருத்தரை நாலு பேர் முன்னால் நாறடிக்கத்தான் அதை எடுத்தேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பான அணுபுரத்தில், தரைத்தள குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒரு காலை ஆபீஸ் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த அப்பா மாரடைப்பில் விழுந்தார். திரும்ப எழவில்லை. வேலையில் இருந்தவர் போய்விட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குச் சில மாதம் அவகாசம் உண்டு. மாடி வீட்டுக்காரருக்கு எங்கள் தரைத்தளத்தின் மேல் நெடுநாளாக ஒரு கண். பத்தாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே இஞ்ச் டேப்போடு வந்து நின்றார். அம்மா ஜன்னலுக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, ஸ்கிரீன் துணி எடுக்கணும். நீங்க எந்திரிக்க வேணாம், தலைய மட்டும் கொஞ்சம் சாய்ச்சுக்குங்க" என்றார்.

அம்மா சாய்த்துக்கொண்டாள். அவர் அளந்ததைக்கூட விட்டுவிடலாம். அம்மா மறுபேச்சில்லாமல் தலையைச் சாய்த்தாளே, அதற்காகத்தான் அந்த ஆளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திருப்போரூரில் வாடகைக்குப் போனோம். சில வருடம் கழித்துப் படூர் பக்கம் அனிமேஷன் படிக்கச் சேர்ந்தேன். கடைசி வருடம் ஆளுக்கொரு படம் செய்ய வேண்டும். விளக்குப் பெட்டியின் மேல் தாளை வைத்து, ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம், எல்லாம் கையால் வரைந்தேன். மாடி வீட்டுக்காரர் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதுவார், எழுதிவிட்டுக் காதில் செருகிக்கொள்வார். அது சரியாக வருவதற்கே ஒரு மாதம் ஆனது. கிருத்திகை தவறாமல் திருப்போரூர் முருகன் கோயிலுக்கு வருவார். நானும் போவேன். சாமியைப் பார்க்காமல் அவருடைய தாடைச் சதையைப் பார்த்துவிட்டு வந்து வரைவேன்.

கல்லூரியில் படத்தைத் திரையிடும் நாளுக்கான அழைப்பிதழை நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெற்றிலை பாக்கு வைக்காததுதான் குறை. பழைய குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டேன். அவர் மனைவியோடு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார்.

திரையில் டேப் நீண்டதும், அந்தக் காலத்தில் எங்கள் பிளாக்கில் வீட்டு வேலை செய்த அக்கா பின்னாலிருந்து உரக்கவே கேட்டாள்: "இன்னாமே, இது மேல் வூட்டு சாரு மாதிரியே கீது?"

குவார்ட்டர்ஸ் கூட்டம் சிரித்தது. அவர் மனைவி திரும்பி அவரையே பார்த்தாள். விளக்குப் போடும் முன்பே அவர் எழுந்து போய்விட்டார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது, கேளம்பாக்கம் தாண்டியதும் அம்மா கேட்டாள்.

"அந்தாள அப்படியே உரிச்சு வெச்சிருக்க. உங்கப்பாவ மட்டும் ஏன் முதுகோட நிறுத்திட்ட?"

படத்தில் அப்பா ஒரே ஒரு முறை வருவார், டிபன் பையோடு பஸ்ஸுக்கு நடந்து போவார். அவர் முகத்தை எத்தனையோ தாளில் வரைந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அந்தத் தாடைச் சதைதான் வந்து உட்கார்ந்தது.

"நேரமில்லம்மா" என்றேன்.